4440 போர்டும் மண்பானையும்

கோவில்பட்டியிலிருந்து மணியாச்சி வரை நீளும் கரிசல் காட்டில் கையில் காசு புழங்குவது வருடத்தில் சில மாதங்கள்தான். புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாமல் இருந்தால் தையிலும் மாசியிலும் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கோடையில் பருத்தியும் மிளகாயும். மழை பொய்த்தால் அடுத்த வருடம்வரை தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான் துணை. இந்த வட்டாரத்து வீடுகளில் ஸ்டீரியோ செட் நுழைந்ததும் வெளியேறியதும் இந்தக் கணக்கின்படியே. ஒரே நாளில் ஒரு முழு செட்டை விலைபேசித் தூக்கி வந்தவர்கள் குறைவு. ஒரு வெள்ளாமையில் டிரான்ஸ்பார்மர், தீபாவளி போனஸில் ஸ்பீக்கர், அதற்கடுத்த வருடம் கேபினெட் என்று பாகம் பாகமாகச் சேர்ந்தது. போனதும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஸ்டீரியோவுக்கு முன்னால் பாட்டு பொதுச்சொத்தாகத்தான் இருந்தது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் ரேடியோ செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டுவார். கோவில்பட்டியிலேயே குடியேறி வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை நேரில் கேட்டவர்களைவிடக் குழாய் வழியாகக் கேட்டவர்களே அதிகம் இருப்பார்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' அவர் வாசிப்பை இசைத்தட்டாக ஊர் ஊருக்கும் கொண்டு சேர்த்தது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வருடாவருடம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும் என்பதால், மாலையில் கொழும்பு அறிவிப்பாளர் குரல் கேட்காத டீக்கடை இல்லை.

நிலைமையை மாற்றியது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட இந்தச் சிறிய பெட்டிக்குள் நான்கு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடாதான் ஓடியது. 1970களின் கடைசியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது நேஷனல் பானசோனிக், சோனி, சான்யோ டூ இன் ஒன்களை (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டிகளை) கொண்டுவந்தார்கள். 1978இல் வெளியான 'பிரியா' படத்துக்கு இளையராஜா பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். இடது ஸ்பீக்கரில் ஒரு கருவி, வலது ஸ்பீக்கரில் இன்னொன்று என்று பிரிந்து கேட்டபோதுதான் இரண்டு ஸ்பீக்கரின் அவசியம் பலருக்கும் புரிந்தது. முறைப்படி கேட்பவரும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கவேண்டும். கிராமத்து வீடுகளில் சுவரில் ஆணி இருந்த இடமே ஸ்பீக்கரின் இடம். ஒன்று திண்ணையிலும் மற்றது அடுப்படியிலும் பாடிய வீடுகள் உண்டு.

சின்ன ஊர்களில்கூட ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, ஒரு வெற்று கேசட்டுடன் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுகள் அடங்கும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்காரரோடு சண்டை. கம்பெனி கேசட்டைவிட இது மலிவு, பிடித்த பாட்டு மட்டுமே இருக்கும். பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம் என்பது வாங்கியவர்கள் பலருக்குத் தெரியாது.

கேசட் மலிவாகிவிட்டாலும், அதை ஓங்கிப் பாடவைக்கும் கம்பெனி செட் கரிசல் சம்சாரிக்கு எட்டாத விலையில்தான் இருந்தது. வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்கு அப்போது சுங்கவரி அதிகம். உள்நாட்டு செட்டுகளுக்கும் மொத்தப் பணம் வேண்டும். 1978இல் தொடங்கிய வசந்த் அன் கோ போன்ற கடைகள் தவணை முறையைப் பரவலாக்கின என்றாலும், மாதச் சம்பளம் இல்லாதவருக்கு மாதத் தவணை ஒத்துவராது. மில் தொழிலாளிக்கு அது சரிப்பட்டது. மானாவாரி விவசாயிக்கும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது, பாகங்களை வாங்கி மெக்கானிக்கிடம் கட்டிக்கொள்ளும் அசெம்பிள் செட்.

அசெம்பிள் செட்டின் உயிர் ஒரு ஐசி. சான்யோ தயாரித்த எல்ஏ4440 என்னும் சில்லு இந்தியாவின் சிறுநகரங்களில் அளவுக்கு மீறிய புகழ் பெற்றது. 13.2 வோல்ட்டில், நாலு ஓம் ஸ்பீக்கரில், பக்கத்துக்கு 6 வாட் வீதம் இரண்டு பக்கமும் கொடுக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். காருக்கென்று வடிவமைத்தது இது. கார் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும் என்பதாலேயே கரன்ட் இல்லாத ஊரிலும் டிராக்டர் பேட்டரியில் பாடியது. "அண்ணாச்சி, 4440 போர்டு இருக்கா?" என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளூரில் கிடைக்காத சாமானுக்கு மதுரை. அங்கும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. சான்யோவின் சில்லுத் தொழில் 2011இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. அதே எண் போட்ட நகல்கள் இன்றும் கடையில் தொங்குகின்றன. தரம் அவரவர் அதிர்ஷ்டம்.

செட் கட்டும் முறை இதுதான். 12-0-12 டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரன்டைக் குறைக்கும். இரண்டு டயோடுகள் அதை ஒருதிசை மின்சாரமாக்கும். பெரிய கெப்பாசிட்டர் ஒன்று அலையை அடக்கும். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் கெப்பாசிட்டரில் நிற்பது பதினாறு வோல்ட்டை ஒட்டி. 4440 தாங்குவது பதினெட்டு வரை என்பதால் இந்த டிரான்ஸ்பார்மர் அதற்குப் பொருந்திவிட்டது. ஐசியின் முதுகில் அலுமினிய ஹீட்சிங்க், நடுவில் வெள்ளைப் பசை. பசையை மறந்தால் கச்சேரி முடியுமுன் ஐசி வெந்துவிடும். முன்பக்கம் வால்யூம், பேஸ், டிரெபிள் திருகுகள். பாட்டுக்குக் கார் டெக் ஒன்றை வாங்கி அதே கேபினெட்டில் முடுக்குவார்கள்.

முதன்முதலில் சுவிட்சைப் போட்டதும் வருவது பெரும்பாலும் பாட்டல்ல, "ம்ம்ம்" என்ற ஹம்மிங். கரன்டின் 50 சுற்று அதிர்வு ஒலியாக வெளியேறுவதுதான் இது. டெக்கிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர் ஷீல்டு ஒயராக இல்லாவிட்டாலும், எர்த்தை இரண்டு இடத்தில் இணைத்துவிட்டாலும், டிரான்ஸ்பார்மர் போர்டை ஒட்டி இருந்தாலும் ஹம்மிங் போகாது. நல்ல மெக்கானிக்கைக் கத்துக்குட்டியிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம். அவர் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பார்ப்பார். அப்போதும் ஹம்மிங் கேட்டால் குற்றம் பவர் பக்கம். குறைந்தால் உள்ளே வரும் ஒயரில்.

கேபினெட்டில் ஒட்டிய "1000 வாட்ஸ்" ஸ்டிக்கரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் கொடுக்கும் மின்சாரத்தைவிட அதிகமான சத்தத்தை எந்தப் போர்டாலும் தரமுடியாது. கம்பெனிகளும் 1990களில் பிஎம்பிஓ என்ற கணக்கைப் போட்டு, ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே நிற்கக்கூடிய உச்சத்தை வாட்டாக எழுதி விற்றன. பொய்யில் அசெம்பிள் செட்டுக்கும் கம்பெனி செட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆசாரியிடம் போனால் பலகைக்கும் கூலிக்கும் தனிச் செலவு. அதற்கு மாற்றாக வந்தது மண்பானை. சலூன்களிலும் டீக்கடைகளிலும் கூரையிலிருந்து தொங்கிய பானை ஸ்பீக்கர்கள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. ஸ்பீக்கரின் காகிதக் கோன் முன்னால் தள்ளும்போது அதன் பின்புறம் காற்றை உறிஞ்சும். முன்னலையும் பின்னலையும் எதிரெதிர். வெறும் ஸ்பீக்கரை மேசையில் வைத்தால் இரண்டும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அழிவது முக்கியமாகத் தவில், டிரம் போன்ற தாழ்ந்த ஓசைகள். பானை பின்னலையைச் சிறைவைக்கிறது. சுட்ட மண் பலகையைப் போல அதிர்வதில்லை என்பது கூடுதல் லாபம். கோளவடிவத்தால் ஒரு குறிப்பிட்ட ஓசை மட்டும் தூக்கலாகக் "கும்" என்று கேட்கும். அதைக் குறைக்க உள்ளே பஞ்சு அடைப்பார்கள். பருத்திச் சீமையில் பஞ்சுக்குப் பஞ்சமா?

செட்டைக் கட்டியவர் அதை அப்படியே வைத்திருப்பதும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம் மாற்றிக்கொள்வதில் இருந்தது. எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடியைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணம் வைத்துப் பன்னிரண்டு இஞ்ச் ஒன்றை வாங்குவது, 4440 போர்டைத் தம்பிமுறைக்காரனுக்குத் தள்ளிவிட்டு எஸ்டிகே ஐசி போட்ட பெரிய போர்டுக்கு மாறுவது என்று ஓயாது. மெக்கானிக் கடைதான் இதற்குச் சந்தை. யார் வீட்டில் எந்த டிரான்ஸ்பார்மர் சும்மா கிடக்கிறது, எந்த ஊர்க் கொடைக்குப் புது ஸ்பீக்கர் வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ரொக்கம் இல்லாதபோது பழைய பாகமே ரொக்கம். கூலிக்குப் பதில் உளுந்து மூடை இறங்கிய மெக்கானிக் வீடுகளும் இருந்தன.

கஷ்டகாலத்தில் கம்பெனி செட்டும் அசெம்பிள் செட்டும் வெவ்வேறு வழியில் போயின. சோனி, பானசோனிக் என்று பெயர் எழுதிய செட் அடகுக்கடையில் ஏறும். பித்தளை அண்டா, சைக்கிள் வரிசையில் டூ இன் ஒன்னையும் வைத்துக் காசு வாங்கலாம். மழை பெய்து வெள்ளாமை வந்தால் மீட்கலாம். இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்தால் ஏலத்துக்குப் போகும். அசெம்பிள் செட்டை அடகுக்கடைக்காரர் தொடமாட்டார். தகரப்பெட்டிக்கு என்ன விலை போடுவது? அதனாலேயே அது முழுசாகப் பறிபோவதும் குறைவு. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒரு ஸ்பீக்கர், ஆஸ்பத்திரிச் செலவுக்கு டெக் என்று விற்றுவிட்டு, மிஞ்சிய ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கடன் நெருக்குதல் முற்றினால் அதுவும் நடக்காது. தண்டல்காரர் வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போகும்போது கம்பெனி, அசெம்பிள் என்று பார்ப்பதில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது 2003இல்.

இயற்கையும் தன் பங்குக்குப் பிடுங்கியது. கோடையில் கரிசல் மண் வெடித்து, ஆடிக் காற்றில் தூசியாகப் பறக்கும். டேப் ஹெட்டில் படிந்தால் பாட்டு மங்கும், வால்யூம் திருகில் புகுந்தால் கரகரக்கும். இதற்கு ஸ்பிரிட்டும் துளி பெட்ரோலும் போதும். ஐப்பசி இடிக்கு மருந்தில்லை. மின்கம்பியில் இறங்கிய இடி டயோடையும் ஐசியையும் ஒன்றாகக் கருக்கிவிடும் என்பதால், வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குவது இந்த ஊர்களில் அனிச்சைச் செயல்.

2006 முதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியபோது அசெம்பிள் செட்டுக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது. அந்த டிவியின் சின்ன ஸ்பீக்கர் போதாமல், ஏவி கேபிளில் பழைய ஆம்ப்ளிபயரைச் சொருகினார்கள். அதற்குள் கேசட் செத்து, எம்பி3 சிடியும் பிறகு மெமரி கார்டும் வந்திருந்தன. பிடுங்கிய கார் டெக்கின் ஓட்டையில் யூஎஸ்பி போர்டு உட்கார்ந்தது; இப்போது அங்கே புளூடூத் போர்டு இருக்கிறது.

2016இல் இரண்டு அடிகள் சேர்ந்து விழுந்தன. அந்த வருடத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. விதைத்தது முளைக்காத நேரத்தில் கையில் இருந்ததும் செலவழிக்கமுடியாத தாளாக நின்றது. பழைய சாமான் விற்க ஆளிருந்தும் வாங்க ஆளில்லாத நாட்கள் அவை. 2020 ஊரடங்கில் அடிபட்டவர்கள் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். பங்குனி, சித்திரைக் கொடைகள் நின்றுபோனதால் ஒரு சீசன் முழுக்க ஸ்பீக்கர்கள் மூடிக் கிடந்தன. வாழ்வாதாரமாக வைத்திருந்த பெட்டிகளை வீட்டு உபயோகத்துக்கு வந்த விலைக்குக் கொடுத்தவர்கள் அப்போது உண்டு.

எதற்கும் உதவாது என்றான செட் கடைசியில் பேரீச்சம்பழத்துக்குப் போகும். பழைய இரும்புக்காரருக்கு அதில் இனிப்பான பாகம் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் செம்பு. விவரமான வீட்டுக்காரர் அதை முன்பே கழற்றி வைத்துக்கொள்வார்.

வறட்சிக்குப் பழகிய, கோவில்பட்டி அடங்கிய மாவட்டத்தை 2023 டிசம்பரில் வெள்ளம் அடித்தது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் மழை பதிவானது. கோவில்பட்டிப் பக்கமும் கண்மாய்கள் நிரம்பி வழிந்தன. தண்ணீர் புகுந்த வீடுகளில் தரையில் வைத்த ஸ்பீக்கர் பெட்டிகளே முதலில் நனைந்தன. ஊறிய காகிதக் கோன் உப்பிக் கிழிந்துவிடும். காந்தமும் இரும்புக் கூடும் நன்றாக இருந்தால் கோனும் காயிலும் மாற்றிக்கொள்ளலாம். போர்டைக் காயவைத்து மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்குவது மலிவு. டிரான்ஸ்பார்மரைப் பல நாள் வெயிலில் காயப்போட்டு, மீட்டரில் கசிவு பார்த்துவிட்டுத்தான் மறுபடி கரன்ட் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டு உடனே சொருகியவர்களின் டிரான்ஸ்பார்மர்கள் புகைந்தன. பொறுத்தவர்களுடையது அடுத்த போர்டுக்கு ஆனது.