சிற்றுயிர்கள் காட்டும் வழி

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நிற்கும் நாம், யானைகளின் பேருருவில் மனம் பறிகொடுத்து, அவற்றின் அருகே கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவமிருக்கும் பூனையையும், அதைச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் பலமுறை காணாமலே கடந்துவிடுகிறோம். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவச் சிற்பி யானையைச் செதுக்கிய அதே பாறையில் எலிக்கும் இடம் தந்தான். படைப்பில் அற்பம் என்று எதுவும் இல்லை என அவன் அறிந்திருந்தான்.

நம் உடலுக்குள்ளும் அப்படியொரு நுண்சிற்பம் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவர் நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இலட்சக்கணக்கில் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் இருக்கும் ஸ்டெம் செல்கள் இரவும் பகலும் புதிய செல்களை ஈன்றுகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலேறி, தம் கடமையைச் செய்து, சில நாட்களிலேயே அமைதியாக உதிர்கின்றன. நாம் உண்ணும்போதும் உறங்கும்போதும் பிறப்பும் இறப்பும் துல்லியமாகச் சமன்பட்டு நடக்கின்றன. நாம்தான் அதை ஒருநாளும் நினைப்பதில்லை.

உதிர மறுக்கும் ஒரு செல் போதும், அந்தச் சமன் குலைய. சிறு மொட்டாகத் தொடங்கும் வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகும். பிறகு அது பயணம் புறப்படுகிறது. குடலின் இரத்தத்தில் பெரும்பகுதியைப் போர்ட்டல் சிரை முதலில் கல்லீரலுக்கே கொண்டு சேர்க்கிறது. உணவின் சத்தைச் சுமக்கும் அந்தப் பாதையே புற்றுக்கும் பாதையாகிவிடுகிறது. ஆனால் புறப்படும் செல்களில் மிக மிகச் சிலவே பிழைக்கின்றன. மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் இதை விதைக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பதைப் பாலாற்றங்கரை உழவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த இருண்ட பயணத்தை மனிதனுக்குக் காட்டித் தருபவை சிற்றுயிர்களே. இருபத்தொரு நாளில் குஞ்சாகும் கோழிமுட்டைக்குள், கருவைச் சூழ்ந்து இரத்த நாளங்கள் பின்னிய மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன்மேல் வைக்கப்படும் புற்றுச்செல்கள் நாளங்களைத் துளைத்து நுழைவதை ஆய்வாளர்கள் காண்கிறார்கள். கங்கைச் சமவெளியின் நீரோடைகளில் வாழும் வரிக்குதிரை மீனை 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் உலகுக்கு விவரித்தார். சில மில்லிமீட்டரே நீளமுள்ள அதன் குஞ்சின் உடல் கண்ணாடிபோலத் தெளிந்தது. ஒளிரும் மனிதப் புற்றுச்செல் அதன் நாளத்தில் நகர்வதை உயிரோடு இருக்கையிலேயே பார்க்கலாம். சுண்டெலியின் குடலில் வைத்த புற்றுச்செல், மனிதருக்குள் செல்வது போலவே கல்லீரலைத் தேடிப் போகிறது. 2009-இல் நெதர்லாந்தில் டோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் உடன் பணியாற்றியோரும், எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்தே குழிகளோடு கூடிய குட்டிக் குடலைக் கிண்ணத்தில் வளர்த்துக் காட்டினார்கள். முழுமையின் ஒழுங்கு ஓர் அணுவளவு உயிருக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதை எண்ணும்போது நெஞ்சு தானே பணிகிறது.

அந்தப் பணிவு கடமையையும் கேட்கிறது. விலங்குகளுக்கு மாற்றுவழி தேடுக, எண்ணிக்கையைக் குறைத்திடுக, வேதனையைத் தணித்திடுக என்ற மூன்று நெறிகளை ஆய்வாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்தார்கள். நமக்காகத் தம் உயிரைத் தந்த எலிக்கும் மீனுக்கும் நாம் செலுத்தும் குறைந்தபட்ச நன்றி அது.

இன்னொரு நன்றி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. மலத்தில் இரத்தம் கண்டால், மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி நீடித்தால், மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி நாட்களைக் கடத்த வேண்டாம். குடும்பத்தில் யாருக்கேனும் பெருங்குடல் புற்று வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ எங்கிருந்தாலும், கூச்சத்தை விட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மொட்டாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் அது புற்றாக மாறுவதைத் தடுத்துவிடலாம்.