மீட்கப்படும் நாய்க்குக் கருத்தடை: பேரா மக்கள் அறிய வேண்டிய உரிமைகளும் கடமைகளும்

தெருவில் திரிந்த ஒரு வளர்ப்பு நாயை ஊராட்சி மன்றத்தின் பணியாளர்கள் பிடித்துக் காப்பகத்தில் அடைத்த பின்னர், அதன் உரிமையாளர் தண்டத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் செலுத்தி அதனை மீட்டுச் செல்கிறார் என்றால், சட்டத்தின் பார்வையில் அந்த விவகாரம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்நாய் கருத்தடை செய்யப்படாமலே திரும்புமானால், அது பிடிபடக் காரணமாயிருந்த நிலைமை எள்ளளவும் மாறுவதில்லை. ஆறு மாத வயதிலேயே பருவமடையக்கூடிய பெண் நாய், கருவுற்ற ஏறத்தாழ 63 நாளில் குட்டி ஈன்றுவிடுகிறது. ஆண் நாயோ இணை தேடி மீண்டும் சாலைக்கே செல்கிறது. உரிமையாளர், விலங்கு, அதிகாரம் பெற்ற அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் அரிய தருணம் இந்த மீட்பு நாள்தான் என்பதால், கருத்தடையை அதனுடன் இணைப்பது பற்றிய பேச்சு பேராவின் தலைநகரான ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப்புறங்களிலும் தொடங்கப்பட வேண்டும்.

மலேசியாவில் நாய்களுக்கு உரிமம் வழங்குவதும், உரிமப் பில்லையின்றித் திரிவனவற்றைப் பிடிப்பதும் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பாகும். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் துணைச் சட்டங்களை, அதாவது தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் விதிகளை, இயற்றிக்கொள்கிறது. மீட்பதற்கான காலக்கெடு மன்றத்துக்கு மன்றம் வேறுபடுவதோடு மிகக் குறுகியதாகவும் இருப்பதால், நாய் காணாமற்போன அன்றே மன்றத்தை அணுகுவது உயிர்காக்கும் செயலாகும். கெடு கடந்தபின் அந்த விலங்கு கொல்லப்படவும் கூடும். துணைச் சட்டம் எதுவும் மாநில அரசின் ஒப்புதலைப் பெற்று அரசிதழில் வெளியான பின்னரே நடைமுறைக்கு வரும் என்பதையும் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும். ஆகவே, கருத்தடை செய்தால்தான் நாயைத் தருவோம் என்று ஓர் அதிகாரி கூறுவாரானால், அந்த நிபந்தனை எந்த விதியில் உள்ளது என்று எழுத்து மூலம் கேட்பது உரிமையாளரின் உரிமையாகும். விதி இருக்குமானால் அதற்குக் கட்டுப்படுவது அவருடைய கடமையாகும்.

பேராவின் தோட்டப்புற வரலாறு இந்தச் சிக்கலுக்குத் தனி முகத்தைத் தந்திருக்கிறது. கோலா கங்சாரில் 1877இல் நடப்பட்ட கன்றுகளிலிருந்து பெருகிய இரப்பர்க் காடுகள் பிற்காலத்தில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது, லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் காவலாகக் கட்டப்படாமலே வளர்ந்த நாய்களுக்கு அந்த அடுக்குமாடிகளில் இடமிருக்கவில்லை. அடுக்குமாடி நிர்வாகம் தொடர்பான 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் விலங்கை அகற்றுமாறு நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால், மூன்று நாளுக்குள் அது அகற்றப்பட வேண்டும். இடம் மாறிய ஏழைக் குடும்பத்தின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. எனினும், கைவிடப்பட்ட நாய்கள் ஆளில்லாத இடங்களில் பட்டினியோடு பெருகும் துயரத்தைக் காணாதிருப்பதும் முறையாகாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளைக் கவனிக்கத் தவறும் உரிமையாளருக்கு 15,000 முதல் 75,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

மீட்பையும் கருத்தடையையும் இணைக்கும் முறை புதிதன்று. கலிபோர்னியாவில், கருத்தடை செய்யப்படாத நாய் பிடிபட்டால் முதன்முறை 35 டாலர், இரண்டாம் முறை 50 டாலர், மூன்றாம் முறை 100 டாலர் என வழக்கமான கட்டணத்துக்கு மேல் தண்டம் விதிக்கச் சட்டம் வகைசெய்தது. உரிமையாளரில்லாத நாய்களைப் பொறுத்தவரை, சென்னையில் புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு நெடுங்காலம் வலியுறுத்திய பின்னர், மாநகராட்சி 1996இல் தெருநாய்களைக் கொல்வதை விடுத்துக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. பேராவுக்குத் தண்டத்தை மட்டும் உயர்த்தும் வழி பொருந்தாது. தனியார் மருத்துவமனைகளில் கருத்தடைக்குச் சில நூறு ரிங்கிட் செலவாகும் நிலையில், தண்டமும் மருத்துவச் செலவும் ஒருசேரத் தலையில் விழுமானால், தினக்கூலிக் குடும்பம் நாயை மீட்கவே வராது. அதன் பின் காப்பகத்தில் அது கொல்லப்படவும் கூடும். முதன்முறை பிடிபடும் நாய்க்குக் கருத்தடை செய்துகொள்ள ஒப்புக்கொள்பவரிடம் தண்டத்தைத் தள்ளுபடி செய்வதும், அறுவைச் செலவின் பெரும்பகுதியை மன்றமே ஏற்பதும்தான் பயன் தரும் கொள்கையாகும்.

கருத்தடை என்பது ஆண் விலங்கின் விதைகளையும், பெண் விலங்கின் சூலகங்களையும், பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும், மயக்கமருந்தின் கீழ் அகற்றும் அறுவைச் சிகிச்சையாகும். இதனால் கருப்பையில் சீழ் கட்டும் உயிர்க்கொல்லி நோய் தவிர்க்கப்படுகிறது. முதிய, நோயுற்ற, பாலூட்டும் விலங்குகளுக்கு மயக்கமருந்தும் அறுவையும் கூடுதல் ஆபத்தானவை என்பதால், மருத்துவர் சான்றளித்தால் ஒத்திவைக்கும் விதிவிலக்கு எந்தத் துணைச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். தாய் பிடிபட்டபோது குட்டிகள் வெளியே தவித்துக்கொண்டிருக்கலாம் என்பதையும் அதிகாரிகள் விசாரித்தறிய வேண்டும். கருத்தடை வெறிநாய்க்கடி நோயைத் தடுப்பதில்லை. அதற்குத் தனித் தடுப்பூசி தேவை. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியதை மறப்பதற்கில்லை.

மீட்கச் செல்பவர் அடையாள அட்டை, நாய் உரிமம், தடுப்பூசிப் பதிவு, நாயின் நிழற்படம் ஆகியவற்றைக் கொண்டுசெல்வதும், செலுத்தும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது பெறுவதும் நன்று. காப்பகத்தில் விலங்கு துன்புறுத்தப்பட்டதாகத் தெரிந்தால் கால்நடை சேவைத் துறையிடம் புகார் அளிக்கலாம். மன்றத்தின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானது எனக் கருதுவோர் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனைக்கு, அதாவது நிர்வாக முடிவின் சட்டத்தகுதியை ஆராயும் வழக்கிற்கு, அனுமதி கோரலாம். கட்டணம் தாங்க இயலாதோர் அரசுக் கால்நடை மருத்துவ நிலையங்களையோ, கருத்தடைப் பணியில் ஈடுபட்டுள்ள நோவாஸ் ஆர்க் ஈப்போ போன்ற தன்னார்வ அமைப்புகளையோ நாடலாம். கருத்தடையோடு இணைந்த மீட்புக்கான துணைச் சட்டம் வேண்டுமெனக் குடியிருப்போர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஈப்போ மாநகர் மன்றத்துக்கும் தத்தம் பகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுத்து மூலம் கோரிக்கை அளிக்க முன்வர வேண்டும்.