இன்னும் 19 நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

2021 ஏப்ரல் முதல் தேதி, வியாழக்கிழமை. ஈஸ்டர் லீவு விட்டிருந்த சமயம். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. எட்டு வயது மகன் கூடத்தில் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "கண்ணாடி உடையப் போறதுடா" என்று நான் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், தோட்டத்து வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். கையில் அன்றைய தினசரி. முகம் சிவந்திருந்தது.

"இந்த அக்கிரமத்தைப் பார்த்தாயா?" என்றார். (அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.)

ஆறடி தள்ளி நின்றபடியே பேப்பரை விரித்துக் காட்டினார். ஒரு மைதானத்தில் சில வாலிபர்கள் பயிற்சி செய்யும் படங்கள். ஏப்ரல் ஃபூல் வேடிக்கையோ என்றுதான் முதலில் நினைத்தேன். வேடிக்கை இல்லை. அவர்கள் டப்ளின் ஜில்லாவின் கால்பந்து வீரர்கள். நாட்டில் ஊரடங்கு. கூட்டுப் பயிற்சிக்குத் தடை. அதை மீறி முந்தின நாள் காலையில் மைதானத்தில் கூடியிருக்கிறார்கள்.

'பந்தாட்டக்காரர்கள் பயிற்சி செய்தால் என்ன குடி முழுகிவிட்டது?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அயர்லாந்துக்கு வந்த புதிதில் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கணவரின் வேலைக்காக 2016-ல் டப்ளினுக்கு வந்தோம். வந்த வருஷமே ஒன்றைக் கவனித்தேன். கோடை வந்தால் வீட்டு ஜன்னல்களில் ஆகாய நீலக் கொடிகள் முளைத்துவிடும். நம் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற மாதிரி! விசாரித்தால், கேலிக் கால்பந்து என்றார்கள்.

அது நாம் டெலிவிஷனில் பார்க்கும் கால்பந்து இல்லை. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடித்து ஓடலாம். 1884-ல் தொடங்கிய கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் என்ற சங்கம் இதை நடத்துகிறது. ஜி.ஏ.ஏ. என்றால் இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டப்ளினில் அவர்களுக்கு க்ரோக் பார்க் என்று ஒரு ஸ்டேடியம். எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிறார்களே, சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சம்பளமே கிடையாதாம்! ஒருவர் வாத்தியார், ஒருவர் டாக்டர், ஒருவர் பாங்க் ஊழியர், ஒருவர் கல்லூரி மாணவர். பகலெல்லாம் வேலை, சாயங்காலம் பயிற்சி. பிறந்த ஊருக்காக ஆடுவது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நடந்தது முழுவதும் புரிய வேண்டுமானால், இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் பணம் வாங்கும் நட்சத்திரம் தப்பு செய்தால், "பெரிய இடத்து சமாசாரம்" என்று விட்டுவிடுவோம். ஆனால் நம் தெருப் பையன், நம் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரும் வாத்தியார் செய்தால்? அது நம் வீட்டுப் பிள்ளையே செய்த மாதிரி வலிக்கும்.

இத்தனைக்கும் டப்ளின் சாதாரணக் குழு இல்லை. 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அகில அயர்லாந்துக் கோப்பையை ஜெயித்தவர்கள். அதற்கு முன் யாரும் ஐந்து வருஷம்கூடத் தொடர்ந்து ஜெயித்ததில்லை. என் மகன் உள்ளூர் சங்கத்தில் சேர்ந்து பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டதே அவர்களைப் பார்த்துத்தான். அவன் கட்டிலுக்கு மேலே பிள்ளையார் படம், அதற்குப் பக்கத்தில் டப்ளின் குழுவின் படம்!

இனி ஊரடங்குக்கு வருகிறேன். 2020 கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கொரோனா தலைவிரித்தாடியது. 2021 ஜனவரியில் ஒரு கட்டத்தில், ஜனத்தொகைக் கணக்குப்படி உலகிலேயே மிக அதிகமாகத் தொற்று பரவிய நாடு அயர்லாந்துதான். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் அவசியமில்லாமல் போகக் கூடாது. போனால் போலீஸ் நிறுத்தி 100 யூரோ அபராதம் போடும். யார் வீட்டுக்கும் யாரும் போகக் கூடாது. பள்ளிக்கூடம் கிடையாது. குழந்தைகளின் பந்தாட்டமும் கிடையாது. சாவு வீட்டுக்குப் பத்துப் பேர்தான் போகலாம்.

அந்தப் பத்துப் பேர் கணக்கின் கொடுமையை நான் நேரில் பார்த்தேன். பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மனைவி காலமானார். நான் புதிதாக வந்தபோது கேக் செய்து எடுத்துக்கொண்டு முதன்முதலில் கதவைத் தட்டிய மகராசி அவர். நாலு பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள், கூடப் பிறந்தவர்கள்... இதில் எந்தப் பத்தைப் பொறுக்குவது? அந்த மனிதர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காகிதத்தில் பெயர்களை எழுதி எழுதி அடித்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். சர்ச்சுக்குப் போக முடியாத நாங்களெல்லாம் தெருவோரம் இடைவெளி விட்டு நின்றோம். உள்ளூர் ஜி.ஏ.ஏ. சங்கத்தார் ஜெர்ஸி அணிந்து வரிசையாக நின்றார்கள். வண்டி மெதுவாகக் கடந்து போயிற்று. அவ்வளவுதான் வழியனுப்பு. மறுநாள் அவர் தன் வீட்டு ஜன்னலில் டப்ளின் கொடியைக் கட்டினார். பிப்ரவரியில் யாரும் கட்டுவதில்லை. "அவளுக்குப் பிடிக்கும்" என்றார்.

இப்போது அந்தப் பேப்பர் படம் அவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? மார்ச் 30-ம் தேதி சாயங்காலம்தான் அரசாங்கம் அறிவித்திருந்தது, ஏப்ரல் 19 முதல் ஜில்லா குழுக்கள் பயிற்சி தொடங்கலாம் என்று. மறுநாள் காலையே இவர்கள் மைதானத்தில்! "இன்னும் 19 நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "நான் அவளைப் பத்துப் பேரோடு அனுப்பி வைத்தேன். இவர்களுக்கு 19 நாள் முடியவில்லையா?" அன்று மத்தியானமே ஜன்னலில் இருந்த கொடியைக் கழற்றிவிட்டார்.

எல்லோரும் அவரைப் போலவே பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். என் மகனுக்குப் பயிற்சி தரும் இளைஞர் வேறு மாதிரி சொன்னார். "சம்பளம் வாங்கி ஆடுகிற ரக்பி, கால்பந்துக்காரர்களுக்கு மட்டும் அனுமதி உண்டாம். சம்பளமில்லாமல் ஊருக்காக ஆடுகிறவனுக்குக் கிடையாதாம். இது என்ன நியாயம்?" அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. "திறந்த வெளியில் ஓடினால் கிருமி ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. "ஜனவரியில் கார்க் ஜில்லாக்காரர்கள் கடற்கரையில் கூடி மாட்டிக்கொள்ளவில்லையா? எல்லோரும் செய்கிறதுதான்" என்று தோளைக் குலுக்கியவர்களும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பெண், நம் தமிழ்நாட்டுப் பெண்தான், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள். போனில் அவள் சொன்னது: "அக்கா, மைதானத்துல ஓடறதால மட்டும் பெரிசா ஒண்ணும் ஆயிடாது. வெளிக்காத்துல பரவறது கம்மிதான். ஆனா ஒரே கார்ல நாலு பேரா ஏறி வருவாங்க, டிரஸ் மாத்துற ரூம்ல கூடுவாங்க, அப்புறம் சேர்ந்து டீ குடிப்பாங்க. வீட்டுக்குப் போனா அங்க வயசான பாட்டி. வெனையே அங்கதான் வருது." கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. எனக்குப் பரீட்சை வைத்தது என் பிள்ளை. சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவங்க தப்புதானே பண்ணாங்க?"

"ஆமாண்டா கண்ணா, தப்புதான். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான், "அப்போ நாம கடலுக்குப் போனது?"

எனக்குச் சுருக்கென்றது. உங்களிடம் மறைப்பானேன்! பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு சுவருக்குள் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. ஊரிலிருக்கும் அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவரை நச்சரித்து, குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, 14 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்கரைக்குப் போனோம். அரைமணி நேரம் அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் போலீஸ் யாரும் நிறுத்தவில்லை. "யார்கிட்டேயும் சொல்லாதே" என்று குழந்தையிடம் சொன்னது நான்தான். நாங்கள் மறந்துவிட்டோம். அவன் மறக்கவில்லை.

ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். 'நாம யார்கிட்டேயும் போகலையே, கார்லதானே போனோம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அதைத்தானே அந்த வீரர்களும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

"அதுவும் தப்புதாண்டா. அம்மாவுக்கு மனசு சரியில்லை, அதனால போனேன். ஆனா தப்பு தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு, உன்னைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னது" என்றேன்.

அவன் எழுந்து போய் அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். அம்மாவைத் திருப்பி வைக்க முடியாதே! என் மடியில் வந்து படுத்துக்கொண்டான்.

மறுநாள் புனித வெள்ளி. வேலியோரம் நின்று பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். அவருடைய மனைவி போன பத்தாம் நாள்தான் நாங்கள் கடலுக்குப் போனது. சொல்லும்போது தொண்டை அடைத்தது.

"தெரியும். கார் போனதையும் பார்த்தேன், டயரில் மணலோடு வந்ததையும் பார்த்தேன்" என்றார்.

"அப்புறம் என்மேல் கோபம் வரவில்லையா?"

"உனக்காக நான் ஐம்பது வருஷம் மழையில் நின்று கத்தவில்லையே" என்றார் சிரித்துக்கொண்டே. "யாரிடம் நிறைய வைத்திருக்கிறோமோ அவர்களிடம்தானே கோபம் வரும்?"

பந்தாட்ட ரசிகர்களின் கோபம் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அது விரோதம் இல்லை. அது உரிமைக் கோபம். நம் பிள்ளை பொய் சொல்லி அகப்பட்டுக்கொள்ளும்போது நமக்கு வருகிறதே, அந்தக் கோபம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டப்ளின் ஜில்லா சங்கம் மன்னிப்புக் கேட்டது. குழுவின் மேனேஜர் டெஸி ஃபாரலை மூன்று மாதம் விலக்கி வைத்தார்கள். கார்க் மேனேஜருக்கும் முன்பே தடை விழுந்திருந்தது. ஏப்ரலில் குழந்தைகளின் பயிற்சியும் மறுபடி தொடங்கியது. என் பையன் வேலி தாண்டிக் குதிக்காத குறையாக ஓடினான். படம் எப்போது பழையபடி திரும்பியது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் தூசி தட்டப் போனால் நேராக மாட்டியிருந்தது. நானும் கேட்கவில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தை தெய்வமாக நினைக்கும் ஆட்டக்காரரோ நடிகரோ தப்பு செய்து பேப்பரில் வந்தால், "அவன் மோசமானவன்" என்று படத்தைக் கிழிக்கவும் வேண்டாம், "பெரியவங்க விஷயம், உனக்கென்ன" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். செய்தது தப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதனால் யாருக்கு வலித்தது என்று சொல்லுங்கள். பத்துப் பேர் பட்டியல் எழுதிய தாத்தாவைச் சொன்னபோது என் பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது. கடைசியாக, நம் பங்கில் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்!

2021 ஆகஸ்ட் 14. அரையிறுதியில் டப்ளினும் மேயோவும். கூடுதல் நேரம் வரை போய் டப்ளின் தோற்றது. ஆறு வருஷ ராஜ்யம் முடிந்தது. என் பிள்ளை விசித்து விசித்து அழுதான். 'செய்ததற்குப் பலன்' என்று பெரியவர் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தால், அவர் ஜன்னலில் ஆகாய நீலக் கொடி! ஏப்ரலில் கழற்றியது.

"என்ன இது? ஜெயித்தபோதெல்லாம் இல்லாமல், தோற்றபிறகா?" என்றேன்.

"இன்னும் கட்டாமலே இருந்தால், தோற்றதற்காகக் கோபித்துக்கொண்டேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களே" என்றார்.