மூன்று மாவட்டம், ஒரே குண்டாறு

திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் ஊற்றுத் தோண்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலைக் கையால் வாரிப் போட்டுக்கொண்டே போனால் ஈரம் தட்டும். கலங்கல் நீர் கசிந்து நிற்கும். அதைச் சிரட்டையில் மொண்டு ஊற்றிவிட்டுப் பொறுத்திருந்தால், அடுத்து ஊறுவது தெளிவாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை போனபிறகு பெரும்பாலும் மணலுக்கு அடியில்தான் இந்த ஆறு உயிரோடு இருக்கிறது.

மதுரை மாவட்டத்து மேற்கு மலைகளில் பிறந்து, திருமங்கலம், காரியாபட்டி வட்டாரம் வழியாகத் திருச்சுழிக்கு வரும் குண்டாறு, கமுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. இன்றைக்கு அது மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் மூன்றுக்கும் சொந்தம். ஆனால் எல்லைகள் நேற்று வந்தவை. 1879இல் ரமண மகரிஷி பிறந்தபோது திருச்சுழி மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. 1985இல் அதைப் பிரித்தபோது திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் இன்றைய விருதுநகர் பக்கம் வந்தன. கமுதி ராமநாதபுரத்திலேயே நின்றது. ஊர் நகரவில்லை, ஆறும் தடம் மாறவில்லை.

ஸ்வீடனில் பிறந்து நார்வேக்குள் போய், மறுபடி ஸ்வீடனுக்கே திரும்பும் ஆறு ஒன்று உண்டு. நார்வேயில் அதன் பெயர் திரிசில், ஸ்வீடனில் கிளாரால்வென். எல்லை தாண்டினால் அங்கே பெயர் மாறுகிறது. குண்டாற்றுக்குப் பெயர் மாறவில்லை, பொறுப்பாளர்தான் மாறுகிறார்.

மேலே நடப்பதுதான் கீழே விளையும் என்ற கணக்கு கரிசல் சம்சாரிக்குத் தெரியும். மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். வரத்துக்காலில் ஓரிடத்தில் சீமைக்கருவேலம் மண்டினாலும் கீழே உள்ள ஊர்களின் மல்லியும் மிளகாயும் வாடும். கமுதிக்கு அருகே ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் இரகுநாத காவிரி என்ற கால்வாயை வெட்டி, குண்டாற்று வெள்ளத்தைக் கண்மாய்களுக்குத் திருப்பியதும் இதே அறிவால்தான்.

கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து காவிரி வெள்ளநீரை 262 கிலோமீட்டர் கால்வாயில் குண்டாற்றுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரட்டும், மனமார வரவேற்போம். அதுவரை மூன்று மாவட்டமும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த ஆற்றின் மணலுக்கும் வரத்துக்கால்களுக்கும் ஒரே கணக்கு வைக்க வேண்டும். மேலே ஒரு லாரி மணலை அள்ளினால், கீழே யாரோ ஒருத்தி தோண்டும் ஊற்று ஊறாமல் போகும். அவள் எந்த மாவட்டம் என்று தாகம் கேட்பதில்லை.