சராசரியில் மறையும் மலை

பாடசாலைச் சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தைக் காட்டி, நிலவளம் மிகுந்த இடம் எதுவென்று கேட்டால், மன்னாரையும் அம்பாந்தோட்டையையும் சுட்டும் மாணவர் உளர். அவ்விடங்கள் பச்சையாக இருப்பதே காரணம். நேயர்களே, அப்பச்சை பயிரின் நிறமன்று. தாழ்நிலத்துக்கு வரைபடத்தார் இட்ட அடையாளம். உயரம் கூடக்கூட அது மஞ்சளாகிக் கபிலமாகும். இதனை எத்தனை முறை விளக்கினும் ஆண்டுதோறும் அதே விடை வருகின்றது.

நிறத்தினும் நுண்ணியது சமவுயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள இடங்களை அது இணைக்கின்றது. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்தானது, விலகினால் மென்மையானது.

காலநிலையைக் கணிக்கும் கணினியோ நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி உயரத்தையே கொள்கின்றது. உலகம் முழுவதற்குமான மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். நம் தீவின் மிக அகன்ற பகுதியே ஏறத்தாழ 225 கிலோமீற்றர்தான். ஆகவே, 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகால மலையும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளும் அப்பாலுள்ள தாழ்நிலமும் ஒரே எண்ணிற் கலந்து, மலைநாடு வெறும் மேடாகிவிடுகின்றது.

வெப்பநிலைப் பிழையை ஒருவாறு திருத்தலாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறையும் என்பது தெரிந்ததே. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா கொழும்பைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு பாகை குளிர்ந்திருப்பது அதனாலேயே. மழைக்கு அவ்வாறான எளிய கழித்தல் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டுகின்றது. வட்டவளையின் சராசரி ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மலையைக் கடந்த அதே காற்று ஈரமிழந்து வெலிமடைப் பக்கம் இறங்குகின்றது. இன்னும் கிழக்கே மட்டக்களப்பார் அதனைக் கச்சான் என்பர். வட்டவளைக்கும் வெலிமடைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றரே. இரண்டும் ஒரே கட்டத்தில் அடங்கினால், தேயிலைக்காரருக்கும் மரக்கறி பயிரிடுவோருக்கும் ஒரே மழையே கூறப்படும். மண்சரிவை அஞ்சும் மேற்குச் சரிவினருக்கு அது போதாத எச்சரிக்கை.

உயரம் அளக்கப்படாமை இதற்குக் காரணமன்று. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாட் பயணத்தில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரினால் அளந்தது. அதிலிருந்து ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஓர் உயரம் கிடைத்துள்ளது. தடை கணக்கின் பளுவிலேயே உள்ளது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப்படியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகையால், உலக மாதிரியின் விடையை எல்லையாகக் கொண்டு, ஒரு பிரதேசத்தை மட்டும் சில கிலோமீற்றர்க் கட்டங்களில் மீளக் கணிக்கின்றனர். அங்கே வட்டவளையும் வெலிமடையும் வெவ்வேறு கட்டங்களிற் பிரிந்து நிற்கின்றன. இடையில் மலையும் எழுகின்றது.