அவையில் எழும் குரல்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் அமைந்துள்ளது. தம் பேச்சின் வன்மையால் மக்களை ஈர்த்த அப்பெருமகனார் தம் இறுதிக் காலத்தை அவ்வூரில் கழித்து, 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 1908ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளையே சான்றாகக் காட்டி, ஆங்கில அரசு அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. ஒரு மனிதனின் குரலுக்கு அரசு அஞ்சிய காலம் அது. அக்காலத்தில் பொதுக்கூட்டங்களில் ஒலிபெருக்கி வழங்கவில்லை. திரண்டிருந்த மக்களின் செவிகளை எட்டுவதற்கு அவருக்குத் துணையாயிருந்தவை நுரையீரலும் குரல்வளையும் வாயுமே ஆகும்.

திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டாரோடு உரையாடும் ஒருவர் அவையில் எழுந்து பேசும்போது அவர் குரல் வேறாகி விடுகிறது. அஃது உரத்து ஒலிப்பது மட்டுமன்று. அதன் அமைப்பே மாறுகிறது.

முதலில் இடையூறு எத்தகையது என்பதைக் காண்போம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அளவையில் கூறின், அது ஆறு டெசிபெல் இழப்பாகும். இயல்பான உரையாடல், பேசுபவரிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். 32 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அது 30 டெசிபெல் அளவே எட்டும். அவ்வளவும் காதருகே கிசுகிசுப்பது போன்றதே. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதாலும் அது மறைந்துவிடும்.

ஆகவே பேச்சாளர் மூச்சை ஆழமாக இழுத்து, மிகுந்த அழுத்தத்துடன் வெளியிடுகிறார். குரல்நாண்கள் விரைந்து மோதி மூடுகின்றன. ஆடவர் குரலில் அவை வினாடிக்கு ஏறத்தாழ 120 முறை அதிர்வது இயல்பு. உரத்த சொற்பொழிவில் அவ்வெண் 200ஐத் தாண்டுவதும் உண்டு. இதனால் சுருதி உயர்கிறது. அதனினும் சிறந்த மாற்றம் ஒன்றுண்டு. நாண்கள் சட்டென்று மூடுவதால், அடிப்படை ஒலியோடு கூடிப் பிறக்கும் மேல் அதிர்வுகள் வலிமை பெறுகின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 2,000 முதல் 4,000 வரையான அதிர்வுகளையே. பயிற்சி பெற்ற நடிகரின் குரலிலும் பாடகரின் குரலிலும் 3,000 அதிர்வையொட்டிய பகுதி தனியே ஓங்கி நிற்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ‘கணீர்’ என்று மக்கள் பாராட்டுவது பெரும்பாலும் இதனையே.

உரக்கக் கத்தினால் போதாதோ எனின், போதாது. கத்தும்போது உயிரொலிகள் பெருகுமளவு மெய்யொலிகள் பெருகுவதில்லை. ‘படை’, ‘தடை’, ‘கடை’ என்பவை முதல் மெய்யொன்றாலேயே வேறுபடுகின்றன; கடைசி வரிசையில் நிற்பவருக்கு மூன்றும் ‘அடை’ என்றே கேட்கக்கூடும். ஆதலின், நல்ல பேச்சாளர் சொற்களை நிறுத்தி, நெடிலை நீட்டி, இதழும் நாவும் நன்கு இயங்கப் பேசுவார். ஒலிகளின் பிறப்பைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விரித்துரைக்கிறது. உந்தியில் எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகிறது என்பது அதன் கருத்து. கருவிகள் ஏதுமின்றி இத்துணை நுட்பமாக நோக்கியோரை வியவாதிருக்க இயலாது.

ஆயினும் அவையேறிய புதிதில் பலருக்குக் குரல் கைகொடுப்பதில்லை. அச்சத்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன, சுருதி வேண்டாத இடத்தில் உயர்ந்து நடுங்குகிறது. நாவும் வறள்கிறது. சிறிது நேரம் பேசிய பின்னர் மூச்சு நிலைபெற, குரலும் பெரும்பாலும் தன்னிலைக்கு வந்துவிடும்.

இனித் தருமபுரிப் பகுதியில் விடியவிடிய நிகழும் தெருக்கூத்தை நோக்குவோம். மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஒருங்கே முழங்க, கூத்தர் பாரதக் கதையைப் பாடி நடிக்கின்றனர். சுற்றிலும் ஓசை மிகும்போது மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு 1911ஆம் ஆண்டில் எடுத்துரைத்த இவ்வியல்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. இரவும் கூத்தருக்குத் துணைசெய்கிறது. பகலில் சுடும் நிலம் தன்னையடுத்த காற்றைச் சூடாக்க, ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறும். காற்று அடங்கிய தெளிந்த இரவிலோ நிலத்தையடுத்த காற்று குளிர்ந்து, மேற்காற்று வெதுவெதுப்பாயிருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். அடுத்த ஊரார் படுக்கையிலிருந்தே கூத்துப் பாட்டைக் கேட்பது இதனாலேயாம்.

இவ்வாறு ஒரு குரல் எத்துணைப் பேரை எட்டும் என்று அளந்து பார்த்தவரும் உளர். 1739ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் சமயச் சொற்பொழிவாளர் விட்பீல்டு பேசிக்கொண்டிருந்தபோது, பெஞ்சமின் பிராங்கிளின் தெருவழியே பின்னோக்கி நடந்து, குரல் தெளிவாகக் கேட்கும் எல்லையைக் கண்டார். அத்தொலைவை ஆரமாகக் கொண்ட அரைவட்டத்தில், ஆளுக்கு இரண்டு சதுர அடியாகக் கணக்கிட, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கேட்கலாம் என்று விடை வந்தது.

இன்று கூத்துமேடையிலும் ஒலிவாங்கி வந்துவிட்டது. கிசுகிசுத்தாலும் ஊர் முழுதும் கேட்கும். ஆயினும் பழகிய கூத்தர் ஒலிவாங்கியின் முன்னும் மார்பு விரிய மூச்சிழுத்து, பழைய கனத்துடனேயே பாடத் தொடங்குகின்றனர்.