வீட்டு ஒலிபரப்பும் சட்டத்தின் அநுமதியும்

திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளிலே தைப்போர்க்கும் மடிப்போர்க்கும் கையும் கண்ணும் வேலையிற் கட்டுண்டிருப்பினும், செவி ஓய்ந்தே இருக்கும். ஆதலின் அங்கு வானொலிக்கு என்றும் இடமுண்டு. இதனைக் காணும் பௌதிக மாணவர் ஒருவர்க்கு, சிறிய எஃப்.எம். ஒலிபரப்புக் கருவி ஒன்றை வீட்டு மாடியில் அமைத்து, வீதியார்க்குப் பாட்டும் அறிவிப்பும் வழங்கினால் என்ன என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பே. அதற்குச் சட்டம் கூறும் விடையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் இரண்டு விஷயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று கருவிக்குரிய சான்று. மற்றொன்று ஒலிபரப்புவோர்க்குரிய அநுமதி. கருவி தனக்கு விதித்த அலைவரிசையையும் ஆற்றலையும் கடவாது என்பதற்கு அளிப்பதே சான்றாகும். இங்கிலாந்தில் 2006 டிசம்பர் 8 முதல், 50 நானோவாட்டுக்கு மேற்படாததும் சி.இ. முத்திரை பெற்றதுமான கருவியைத் தனி உரிமமின்றி இயக்க இடமளித்தனர். 50 நானோவாட்டாவது, ஒரு வாட்டை இரண்டு கோடி கூறிட்டதில் ஒரு கூறு. அஃது ஓர் அறைக்கோ மோட்டார் வண்டிக்கோ போதுமேயன்றி வீதிக்குப் போதாது. அத்தகைய முத்திரையைப் பெட்டியின்மேற் கண்டு, இந்தியாவில் ஊரார்க்கு ஒலிபரப்பும் உரிமை கிடைத்ததென்று கொள்ளுதல் பிழை.

நம் நாட்டில் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமற்ற ஒலிபரப்பைக் குற்றமாக்கின. அவற்றுக்கு ஈடாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது; அநுமதி வேண்டும் என்னும் கொள்கை அதிலும் மாறவில்லை.

இத்துணைக் கண்டிப்பு எதன் பொருட்டு? எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நிகழ்வது. அதனை அடுத்து மேலே இருப்பவை விமானங்களுக்கு வழிகாட்டும் அலைகள். செவ்வையாக வடிகட்டப்பெறாத கருவி, தன் அலைவரிசையிலன்றி அதன் இருமடங்கு, மும்மடங்கு முதலிய இடங்களிலும் அலைகளைச் சிந்தும். கோவை விமான நிலையத்திற்கு அணித்தாகிய நம் பகுதியில் இஃது அற்ப விஷயமன்று. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றமும் 1995-இல் தீர்ப்பளித்தது.

எனினும், சட்டத்தின் கண்டிப்பு எளியோரையும் தாக்கும். பீகார் மாநிலம் வைசாலி ஜில்லாவிலுள்ள மன்சூர்பூரில், வானொலி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 50 ரூபாய்ச் செலவில் கருவி செய்து, பாட்டோடு காணாமற்போனோர் பற்றிய அறிவிப்பும் போலியோத் தடுப்பு அறிவுரையும் ஊரார்க்கு வழங்கிவந்தார். உரிமமின்மையால் அந்நிலையம் 2006 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. ஊர்க்கு நன்மை விளைந்தது மெய்யே. சட்டத்தின்முன் அது விடையாகவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் சமுதாய வானொலி திறந்துவிடப்பட்டது, தனிமனிதர்க்கோ இடந்தரப்படவில்லை. இஃது இரங்கத்தக்கதே.

ஆயினும் கல்விச் சாலைகளுக்கு 2002-லேயே வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக எழுந்தது. இவ்வகை நிலையத்திற்குச் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் அநுமதியும், தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை ஒதுக்கீடும் ஆகிய இரண்டும் வேண்டும். ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு உட்பட்டது. நிகழ்ச்சிகளிற் பாதியேனும் உள்ளூரார் பங்குகொண்டு ஆக்கியவையாதல் வேண்டும்.

ஆகவே, மாடியில் மறைவாகக் கருவி அமைக்க எண்ணும் மாணவர், அவ்வூக்கத்தைக் கல்லூரியின் விண்ணப்பத்திற் செலுத்துவாராக. தனித்து நின்றால் குற்றமாவது, கல்லூரியோடு கூடி அநுமதி பெற்றுச் செய்யின் தொண்டாகும்.